நல்ல கைக்குப் போட்ட கட்டு

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. வில்லியனூருக்கும் அரியூருக்கும் நடுவே ரோட்டோரமாக ஒரு நெல் மில். அங்கே நான் கோணி தைக்கிற வேலையில் இருந்தேன். என் அக்கா வீட்டுக்காரருக்கும் அங்கேதான் பிழைப்பு. நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கோணி ஊசியோடு மல்லுக்கட்டுவேன். அவர் உள்ளே கொட்டகையில், அரைக்கிற எந்திரத்தின் வாயில் நெல்லைக் கொட்டிக்கொண்டிருப்பார். மாமா ஆறடி ஆள். நெல் மூட்டையை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போவார். பாம்பைக் கண்டால்கூட ஒதுங்க மாட்டார், பாம்புதான் ஒதுங்கும்.

அது மாசி மாதம். சம்பா அறுவடையாகி வண்டி வண்டியாய் நெல் வந்து குவிந்திருந்தது. எஞ்சினிலிருந்து எந்திரத்துக்கு ஒரு நீளமான தோல் பட்டை ஓடும். ஒரு சாண் அகலம் இருக்கும். நாள் முழுக்க அது படபடவென்று அடித்துக்கொண்டே ஓடும். அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு ஏதோ குறைவதுபோல் இருக்கும். அன்றைக்கு ஓட்டத்திலேயே அந்தப் பட்டையின் தையல் விட்டுப்போயிற்று. அறுந்த பட்டை சாட்டை மாதிரி சுழன்று வந்து, ஒரு மூங்கில் தூணை இரண்டாக ஒடித்து, மாமாவின் தலை முண்டாசைப் பறித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது. ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தால் முண்டாசோடு தலையும் போயிருக்கும்.

எஞ்சினை நிறுத்தினார்கள். எல்லோரும் ஓடினோம். மாமா நெல் கூடையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். தலை இருக்கிறதா என்று நான் பார்த்தேன். அவரும் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆளாளுக்கு அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை.

கஷ்டம் வந்த இடத்தில் ஜனங்கள் என்னென்ன சொல்கிறார்கள் என்று காதில் போட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் இப்படிக் காதில் விழுந்ததுதான். அன்று ஒருவர் "ஒனக்கு ஆயுசு கெட்டிப்பா" என்றார். இன்னொருவர் "முண்டாசு பெருசா கட்டினதால தப்பிச்சே, நாளைக்கு இன்னும் பெருசா கட்டு" என்றார். மூன்றாமவர், ஏதோ ஏமாந்துபோன குரலில், "இவ்வளவு சத்தத்துக்கு ஒண்ணுமே ஆவலியே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை.

ஆனது மறுநாள் காலையில் தெரிந்தது.

அக்கா வாசலில் நின்று பாயை உதறியிருக்கிறாள். பட்டென்று சத்தம் வந்ததுதான் தாமதம், பல் விளக்கிக்கொண்டிருந்த மாமா வேப்பங்குச்சியோடு குப்புற விழுந்துவிட்டார். அக்கா பயந்துபோய் எனக்கு ஆளனுப்பினாள். நான் போய்ச் சேருவதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தார். வேர்வை ஊற்றுகிறது. "இன்னா மாமா ஆச்சு?" என்றேன். "தெரியலடா. காலு தானா மடங்கிப்போச்சு. நான் வுழல, என்ன யாரோ வுழ வச்சாங்க" என்றார்.

மில்லுக்கு வந்தோம். புதுப் பட்டை போட்டு எஞ்சினை ஓட்டினார்கள். படபடவென்று சத்தம் கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் மாமா மில் வாசலுக்கு வெளியே, ரோட்டில், ஒரு மாட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

இதில் சிரிப்புக்குரிய சங்கதி ஒன்று இருக்கிறது. பெரிய மனுஷர் வந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நாங்கள் சும்மா எடுக்க மாட்டோம். நெல் தூசி படிந்திருக்கும் அல்லவா? ஒரு உதறு உதறி இடுப்பில் கட்டிக்கொள்வோம். அன்று முதலாளி வந்து இறங்கினார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே நேரத்தில் துண்டை எடுத்துப் படாரென்று உதறினோம். மாமா நெடுஞ்சாண்கிடையாக முதலாளியின் காலடியில் கிடந்தார்.

முதலாளிக்கு வயிறு பெரியது. அதைவிடப் பெரியது, மரியாதை கிடைத்தால் அவருக்கு வருகிற சந்தோஷம். "போதும்பா, எழுந்திரு. மனசுல இருந்தா போதும்" என்றார். சாயங்காலம் மறுபடி வந்தார். மாமா மறுபடி விழுந்தார். மறுநாள் காலையிலும் அதே கதை. மற்ற ஆட்களுக்குக் கோபம் வந்துவிட்டது. மூட்டை தூக்குகிற ஒருவர் மாமாவைத் தனியே கூப்பிட்டு, "இன்னாப்பா நீ, நீ பாட்டுக்கு வுழுந்துகினே இருந்தா, நின்னுகினு இருக்கற நாங்க திமிரு புடிச்சவங்கன்னு ஆவாதா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் முதலாளி வந்தபோது மாமாவோடு இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

ஆனால் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்க மாமாவால் முடியவில்லை. நாலு நாள் இப்படியே போனதும் முதலாளிக்கு விஷயம் எட்டியது. அவர் மாமாவைக் கூப்பிட்டார்.

"கை போச்சா?"

"இல்லீங்க."

"காலு போச்சா?"

"இல்லீங்க."

"பின்ன இன்னாத்துக்குய்யா சும்மா குந்திகினு கெடக்கறே? பயம்னா அத வூட்ல வச்சிட்டு வா."

நான் குறுக்கே புகுந்து, வேலையில் அடிபட்டால் முதலாளி பொறுப்பு என்று சட்டம் வந்திருக்கிறதாமே என்று மெதுவாக இழுத்தேன். காப்பிக் கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படித்தபோது காதில் விழுந்தது அது. முதலாளி சிரித்தார். "அடிபட்டாத்தானேய்யா! செவ்வாக்கெழம மேரிக்கு டாக்டரு வர்றாரு. இவனுக்கு அடிபட்டுச்சுன்னு அவரு எழுதித் தரட்டும், சட்டம் இன்னா சொல்லுதோ அப்படியே நடந்துக்கறேன். ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாருன்னா, அன்னிக்கே பேரை அடிச்சிடுவேன்" என்றார். ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்யூன் அலுவலகத்தைத்தான் நாங்கள் மேரி என்போம். வாரத்தில் ஒரு நாள் டவுனிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அங்கே வந்து போவார்.

பேரை அடித்தால் வேலை போச்சு என்று எனக்கும் மாமாவுக்கும் அக்காவுக்கும் தெரியும். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். சுற்றுவட்டாரத்தில் வேறு மில்லும் கிடையாது. மாமாவுக்கு அதைவிட இன்னொன்று உறுத்தியது. "நடிக்கறான்னு சொல்லிடுவாங்கடா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னார்.

அக்கா முதலில் மந்திரிக்கிறவரை அழைத்து வந்தாள். அவர் வேப்பிலைக் கொத்தோடு வந்து மாமாவைச் சுற்றிச் சடசடவென்று அடித்தார். மாமா கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். "பாத்தியா, என்னைக் கண்டு பதுங்குது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் இன்னும் பலமாக அடித்தார். அவர் எப்போது போவார் என்று காத்திருந்து மாமாவை வெளியே இழுத்தோம்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. பயத்தை யாரும் பார்க்க முடியாது. கட்டுப் போட்ட கையை எல்லோரும் பார்க்கலாம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருவர் எனக்குப் பழக்கம். திங்கட்கிழமை அவரிடம் மாமாவைக் கூட்டிப்போனேன்.

"எந்தக் கை?" என்றார் வைத்தியர்.

"எந்தக் கைக்குப் போட்டா பாக்க நல்லா இருக்கும்?" என்றேன்.

மாமா முரண்டு பிடித்தார். "கை நல்லாத்தானேடா இருக்குது."

"மாமா, ஒங்க பயத்தை எடுத்து டாக்டரு மேசை மேல வைக்க முடியுமா?"

"எப்பிடிடா முடியும்?"

"கைய வைக்கலாம் இல்ல?"

மாமா வலது கையை நீட்டினார். வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்து அதில் பூசி, மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றிக் கட்டினார். தொழிலில் சுத்தமான மனுஷர். நல்ல கை என்பதற்காக ஒரு சுற்றுக்கூடக் குறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏண்டா, இருக்கறது போதாதுன்னு இது வேறயா?" என்றாள். நான் பெரிய தந்திரக்காரன் மாதிரி சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை வில்லியனூர் மேரிக்குப் போனோம். நாங்கள் போனபோது டாக்டர் வரவில்லை. வாசலில் இருந்த மாமரத்தடியில் உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏற, முட்டையும் உளுந்துமாய்க் கட்டிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மாமரத்து எறும்புகளுக்குப் பட்டிருக்கிறது.

கூப்பிட்டார்கள். உள்ளே நீள மேசை. டாக்டர் நரைத்த மீசையும் கடுகடுத்த முகமுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோட்டும் வேட்டியுமாக மேரி எழுத்தர். டாக்டர் பேசுவதைத் தமிழிலும் நாங்கள் பேசுவதைப் பிரெஞ்சிலும் சொல்வது அவர் வேலை. ஓர் ஓரமாக முதலாளிக்கு நாற்காலி.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். பட்டை அறுந்தது, கையில் அடித்தது, எலும்பு விண்டுவிட்டது. எழுத்தர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "கையா? எப்பய்யா கை? நேத்து வரிக்கும் கை நல்லா இருந்துச்சேய்யா!"

மாமா கட்டுப் போட்ட கையை மேசை மேல் வைத்தார். வைத்தவர் நெளிந்தார். ஒரு தோளைத் தூக்கினார், மறு தோளைத் தூக்கினார். மூஞ்சி ஒரு மாதிரி கோணியது. வலி என்று டாக்டர் நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் பேசாமல் இருந்தேன். அடுத்த நொடி மாமா "அய்யய்யோ!" என்று கத்திக்கொண்டு, எலும்பு விண்டுபோன அந்த வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, சலங்கை கட்டி ஆடுகிறவர் மாதிரி உதறினார், மேசையில் அடித்தார், தொடையில் தேய்த்தார். டாக்டரின் காகிதங்கள் மேல் எறும்பு மழை.

டாக்டர் ஒரு வார்த்தைதான் சொன்னார். எழுத்தர், "கட்டை அவுருன்றாரு" என்றார்.

அவிழ்த்தோம். உள்ளே, ஒரு மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்கக்கூடிய அருமையான கை.

டாக்டர் முகம் சிவந்து ஒரே மூச்சில் வெகுநேரம் பேசினார். எழுத்தர் அதை ஒரு வரியில் முடித்துவிட்டார். "ஒன்ன கழுதன்றாரு." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு டாக்டர் பேனாவை எடுத்தார். எழுத்தர் மெதுவாக, "ஏமாத்த வந்தாங்கன்னு எழுதப் போறாரு" என்றார். முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அந்தப் பேனா மைக்கூட்டில் இறங்கியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நான் சும்மா இருந்திருந்தால், உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற பேரோடாவது மாமா வெளியே வந்திருப்பார். நான் அவரை ஏமாற்றுக்காரன் ஆக்கிவிட்டேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். பழக்க தோஷம், எடுத்ததும் உதறினேன்.

படார்.

மாமா மேசைக்கு அடியில் இருந்தார். போகிற வேகத்தில் டாக்டரின் தொப்பியையும் கூடவே கொண்டுபோயிருந்தார்.

"பாருங்க, பாருங்க, நடிப்பு!" என்றார் முதலாளி.

டாக்டர் அவரைப் பார்த்துக் கையமர்த்தினார். பேனாவைக் கீழே வைத்தார். குனிந்து மேசைக்கு அடியில் கைவிட்டு, தொப்பியை எடுப்பார் என்று பார்த்தால், மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். வெகுநேரம் எண்ணினார். மாமாவின் வேர்வை அவர் கையில் சொட்டியது. இமையைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார். மாமாவைத் தண்ணீர் குடிக்க வைத்து, ஆசுவாசப்படுத்தி, எல்லாம் அடங்கினபிறகு என்னிடமிருந்து துண்டை வாங்கிக்கொண்டார். மாமாவுக்குப் பின்பக்கமாகப் போய்த் தானே ஒரு உதறு உதறினார். மறுபடி மேசைக்கு அடி, மறுபடி கடிகாரம்.

பிறகு எழுத்தரிடம் ஏதோ சொன்னார். எழுத்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யோவ், இப்ப நீ வுழுவணுமாம்" என்றார் என்னிடம்.

"நானா?"

"ஆமா. ஒங்க மாமா மாதிரியே பயந்து வுழுந்து காட்டணும். நல்லா வுழு, மானத்த வாங்காத."

டாக்டர் துண்டை உதறினார். நான் விழுந்தேன். சாதாரணமாகவா விழுந்தேன்? உருண்டேன், நடுங்கினேன், "அம்மா" என்றேன், கண்ணைச் சொருகினேன். மாமாவே பதறிப்போய், "டேய், ஒனக்கும் வந்துடுச்சாடா?" என்று கேட்டார். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். பிறகு என் கையைத் தூக்கி முதலாளிக்குக் காட்டி ஏதோ சொன்னார். எழுத்தர் இந்தத் தடவை ஒரு வரியில் முடிக்கவில்லை. நின்று, யோசித்து, முழுக்கச் சொன்னார்.

"இவன் அவனவிட நல்லா வுழுந்தான். ஆனா இவன் நாடி தூங்குது. அவன் நாடி தறிகெட்டு ஓடுது. வுழுறத யாரு வேணும்னாலும் கத்துக்கலாம், நாடிய ஓட வைக்க எவனாலயும் முடியாது. போன சண்டையில, ஒடம்புல ஒரு கீறல் இல்லாம, குண்டு சத்தம் கேட்டே கெட்டுப்போன சிப்பாய்ங்கள இவரு வரிசையா பாத்திருக்காராம். அவங்களையும் மொதல்ல நடிக்கறாங்கன்னுதான் சொன்னாங்களாம். இது அடிதான்றாரு. ஒங்க மில்லுல பட்ட அடி."

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் சின்னக் குழந்தை மாதிரி கேட்டார்: "அப்ப, என் கால்ல வுழுந்ததெல்லாம் எனக்கு இல்லியா?"

எழுத்தர் அதை மொழிபெயர்க்கவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். குணமாகிற வரைக்கும் பாதிக் கூலி. குணமானபிறகும் கொட்டகைக்குள் அனுப்பக் கூடாது, வெளியிலேயே வேலை தர வேண்டும். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். டாக்டர் ஒரு வைத்தியமும் சொல்லி அனுப்பினார். அக்கா தினமும் தூரத்தில் நின்று மாமாவின் கண்ணெதிரே துண்டை உதற வேண்டும். மறுநாள் ஓரடி கிட்டே வரலாம். ஆனால் கிட்டே வரலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அவர்தான், மற்ற யாரும் அல்ல. என்னைப் பார்த்து, இனிமேல் நல்ல கையில் முட்டை தடவிக்கொண்டு வந்தால் ஏமாற்றுக்காரன் என்று உன் பேரை எழுதிவிடுவேன் என்றார்.

வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா மாமா, எப்பிடியோ ஜெயிச்சிட்டோம்!" என்றேன். அவர் கையில் ஒட்டியிருந்த உளுந்து மாவைச் சுரண்டிக்கொண்டே நடந்தார். ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"மொதலாளி நம்பல, சரி. அவரு வேற ஆளு. நீயும் நம்பலியேடா. நம்பியிருந்தா கட்டு எதுக்குப் போடறே?"

நான் நின்றுவிட்டேன். அவர் சொன்னது நிஜம். அவருக்கு அடி பட்டிருக்கிறது என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. பாவம், பயந்துவிட்டார், எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். "கை போச்சா?" என்று முதலாளி வாயால் கேட்ட அதே கேள்வியைத்தான் நான் துணியில் சுற்றி அவர் கையில் கட்டியிருந்தேன்.

மறுநாளிலிருந்து வைத்தியம் தொடங்கியது. அக்கா தெருக்கோடிப் புளியமரத்தடியில் போய் நின்று துண்டை உதறுவாள். மாமா வாசலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். போகிற வருகிறவர்கள் எல்லாம், "யாருக்குடி சைகை காட்டறே?" என்று கேட்டுக் கேட்டு அவளை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். "எங்க வூட்டுக்காரருக்குத்தான்டி, ஒனக்கு இன்னா?" என்பாள். சில நாள் மாமா "வா" என்பார், ஓரடி வருவாள். சில நாள் "இன்னிக்கு வேணாம்" என்பார், இரண்டடி பின்னால் போவாள். ஆடி மாதம் வருவதற்குள் அவர் பக்கத்திலேயே நின்று உதறுகிற அளவுக்கு வந்துவிட்டாள். மாமா கண்ணை மட்டும் மூடித் திறப்பார். பிறகு பல வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து கோணி தைத்தார். என்னைவிட நன்றாகத் தைத்தார், அதைச் சொல்லியும் காட்டினார்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து, "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, ஆனா என்னமோ பண்ணுதுப்பா" என்று சொன்னால், எங்கே, காட்டு என்று என் வாய் கேட்பதில்லை. பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொல்லி, அவர் சொல்வதை அப்படியே நம்பிக் கேட்டுக்கொண்டிருக்க அந்த ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.